வார இறுதி கேபினுக்கு ஃப்ளோர் ஹீட்டிங் தேவையா? குழாய்க்கு முன்னால் ஒரு கணக்கு

இப்படி ஒரு வெள்ளிக்கிழமை இரவை நினைத்துப் பாருங்கள். ஜனவரி மாதம். கனடாவின் ஸ்கார்பரோவில் வேலையை முடித்துவிட்டு, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் கார் ஓட்டி, ஹாலிபர்ட்டன் பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் தங்கள் சின்ன கேபினுக்கு வந்து சேர்கிறது ஒரு தமிழ்க் குடும்பம். மணி ஒன்பது. வெளியே மைனஸ் 15 டிகிரி. உள்ளே 5 டிகிரி. கணவர் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை 20-க்குத் திருப்பிவிட்டுக் காத்திருக்கிறார். பத்து மணி ஆகிறது, பதினொன்று ஆகிறது, தரை அசைந்து கொடுக்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றாமலே சோஃபாவில் உட்கார்ந்திருக்கும் மனைவி கேட்கிறார்: “இஞ்சருங்கோ, காலுக்குக் கீழ சூடா இருக்குமெண்டுதானே இவ்வளவு காசையும் கொட்டினனாங்கள்?”

காசைக் கொட்டியது உண்மைதான். குழாயில் கசிவு இல்லை, பம்ப் ஓடுகிறது, பாய்லரும் எரிகிறது. சிஸ்டத்தில் ஒரு பழுதும் கிடையாது. பழுது இருப்பது, அதைத் தேர்ந்தெடுத்த கணக்கில்.

குளிர்நாடுகளில் சின்னதாக ஒரு கேபின் கட்டுபவர்களுக்கு ஃப்ளோர் ஹீட்டிங் மீது தனி ஆசை இருக்கிறது. சுவரோரம் இரும்பு ரேடியேட்டர் இல்லை, காற்றூதும் சத்தம் இல்லை, தூசி கிளம்புவதில்லை. வெறுங்காலோடு நடக்கலாம். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்த கேபினில் வருடம் முழுக்க யாராவது குடியிருக்கப் போகிறார்களா, அல்லது வெள்ளி இரவு போய் ஞாயிறு மாலை திரும்பப் போகிறார்களா என்ற ஒரே கேள்வியில் பதில் தலைகீழாகிவிடும். வீடு கட்டித் தருபவர்களும் குழாய் விற்பவர்களும் பெரும்பாலும் கேட்காமல் விடுவது இந்தக் கேள்வியைத்தான்.

தரை எப்படிச் சூடாகிறது?

இரண்டு வழிகள். ஒன்று, தரைக்குள் பிளாஸ்டிக் குழாய்களைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் பதித்து, அதில் வெந்நீரை ஓடவிடுவது. பெக்ஸ் என்று சொல்லப்படும் பாலிஎத்திலீன் குழாய்தான் இன்று வழக்கம். இன்னொன்று, டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி பின்னிய மெல்லிய பாயை விரிப்பது. பெரிய பரப்புக்கு வெந்நீர், சின்ன பரப்புக்கு மின்பாய் என்பது பொதுவான பழக்கம்.

வெந்நீர் என்றால் கொதிக்கும் நீர் இல்லை. கான்கிரீட் தரைக்கு 30 முதல் 45 டிகிரி வரை போதும். அந்தச் சூடு கான்கிரீட்டுக்குள் பரவி, தரையின் முழுப் பரப்பிலிருந்தும் மெதுவாக அறைக்குள் வருகிறது. பாதி கதிர்வீச்சாக, மீதி தரையைத் தொட்டு எழும் காற்றின் வழியாக.

யோசனை புதிதல்ல. ரோமானியர்கள் குளியல்கூடங்களின் தரைக்கு அடியில் புகையையும் அனலையும் ஓடவிட்டார்கள். கொரியாவின் ‘ஒண்டோல்’ வீடுகளில் சமையலறை அடுப்பின் அனல், பக்கத்து அறையின் கல்தரைக்கு அடியில் போன பிறகுதான் வெளியேறும். ஒரே விறகில் சோறும் ஆச்சு, படுக்கவும் சூடு. இன்றும் சோல் நகரத்து அடுக்குமாடிகளில் தரைதான் ஹீட்டர். கல்லுக்கு அடியில் புகை போன இடத்தில் இப்போது வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1937-ல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் கட்டி முடித்த ஜேக்கப்ஸ் வீட்டில், கான்கிரீட் தரைக்கு அடியில் இரும்புக் குழாய்களைப் போட்டார். அதற்குப் பத்து வருடம் கழித்து நியூயார்க் அருகே லெவிட்டவுன் குடியிருப்பில், ஆயிரக்கணக்கான சின்ன வீடுகளின் தரைக்குள் செப்புக் குழாய் போனது. பின்னாளில் அவற்றில் பல அரித்துக் கசிந்தன. தரையை உடைக்காமல் சரிசெய்ய வழியில்லாததால் நிறைய பேர் அந்தச் சிஸ்டத்தையே கைவிட்டார்கள். பெக்ஸ் வந்த பிறகு அந்தத் தலைவலி பெருமளவு குறைந்தது.

இந்த உதாரணங்களில் ஒரு பொதுவான விஷயம் உண்டு. எல்லாமே மனிதர்கள் தினமும் புழங்கிய இடங்கள். ஒண்டோல் அடுப்பு தினம் எரிந்தது, அதனால் அந்தக் கல் முழுசாகக் குளிர்ந்து போக விடப்படவே இல்லை.

முதலில் கேபினின் கணக்கு

எத்தனை மீட்டர் குழாய், எந்த பாய்லர் என்ற பேச்சுக்கு முன்னால், கேபின் எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். இதற்கு இன்ஜினியர் பட்டம் தேவையில்லை. ஒரு காகிதம் போதும்.

50 சதுர மீட்டர் கேபின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் அளவில் சுமார் 540 சதுர அடி, ஒரு சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட் அளவு. சுவரிலும் கூரையிலும் இன்று வழக்கமாகப் போடும் இன்சுலேஷன், இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள், ஓரளவு காற்றுப் புகாத கட்டுமானம் என்று வைத்துக்கொண்டால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் இது தோராயமாக 75 வாட் சூட்டை இழக்கும். சுவர், கூரை, ஜன்னல், தரையின் ஓரம், இடுக்குகளில் போகும் காற்று எல்லாம் சேர்த்துத்தான் இந்த 75.

ஹாலிபர்ட்டன், மஸ்கோக்கா பகுதிகளில் மோசமான இரவுகளில் மைனஸ் 25-க்கும் கீழே போகும். உள்ளே 20 வேண்டும் என்றால் வித்தியாசம் 45 டிகிரி. 75-ஐ 45-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3,400 வாட். ஒரு குளியலறை கெய்சர் 2,000 வாட். ஆக, குளிர்காலத்தின் மிக மோசமான இரவில் இந்த கேபினுக்குத் தேவைப்படுவது இரண்டு கெய்சருக்கும் குறைவான சூடு. சந்தையில் கிடைக்கும் வீட்டு கேஸ் பாய்லர்களில் பல 20 கிலோவாட்டுக்கும் மேல். இத்தனை பெரிய பாய்லரை இவ்வளவு சின்ன கேபினில் மாட்டினால் அது எரியும், உடனே அணையும், மறுபடி எரியும். எரிபொருளும் வீண், மெஷினும் சீக்கிரம் தேயும்.

இதே கணக்கைப் போட்டால் இன்னொரு ரகசியமும் வெளிவரும். தரை தன் அறையைவிட ஒரு டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் சுமார் 10 வாட் சூடு அறைக்குள் போகும். மோசமான இரவில் நம் கேபினுக்குச் சதுர மீட்டருக்கு 68 வாட் தேவை. அப்படியென்றால் தரை 27 டிகிரியில் இருந்தால் போதும். மைனஸ் 5 டிகிரி இருக்கும் சாதாரணக் குளிர்நாளில்? 24 டிகிரி. அவ்வளவுதான்.

24 டிகிரி தரையை வெறுங்காலால் மிதித்தால் சூடு தெரியாது. பாதத்தின் தோலைவிட அது குளிர்ச்சி. ‘ஜில்லென்று இல்லை’ என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கேபினை எவ்வளவு நன்றாகக் கட்டுகிறீர்களோ, தரை அவ்வளவு குறைவாகத்தான் சூடாக வேண்டியிருக்கும். விளம்பரத்தில் குழந்தை தவழும் அந்தக் கதகதப்பான தரை, உண்மையில் சூடு நிறைய ஒழுகும் வீட்டின் அடையாளம்.

ஒழுகும் வீட்டுக்காவது ஃப்ளோர் ஹீட்டிங் சரிப்படுமா என்றால், அங்கேயும் இடிக்கிறது. இன்சுலேஷன் இல்லாத பழைய கேபின் இதைப்போல இரண்டு மடங்கு சூட்டை இழந்தால், தரை 33 டிகிரிக்கும் மேல் போயாக வேண்டும். மனிதர்கள் நாள் முழுக்கப் புழங்கும் இடங்களில் தரை 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பியத் தர விதி. அதற்கு மேல் போனால் கால் அசௌகரியம். மரத்தரை என்றால் பல தயாரிப்பாளர்கள் 27-க்கு மேல் போகவே விடுவதில்லை. பலகை சுருங்கி இடைவெளி விழும். பழைய கேபினுக்குச் செலவு செய்ய வேண்டிய முதல் இடம் தரை இல்லை. கூரையும் ஜன்னல் இடுக்குகளும்தான்.

12 டன் பிடிவாதம்

இப்போது அந்த வெள்ளிக்கிழமை இரவுக்குத் திரும்புவோம்.

50 சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் தடிமனுக்குக் கான்கிரீட் ஊற்றினால் அதன் எடை சுமார் 12 டன். இதை ஒரு டிகிரி சூடாக்கவே கிட்டத்தட்ட 3 யூனிட் மின்சாரம் வேண்டும். 5 டிகிரியிலிருந்து 25-க்குக் கொண்டுவர 60 யூனிட். 6 கிலோவாட் மின் பாய்லர் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு துளிச் சூடுகூட வெளியே போகாவிட்டாலும் பத்து மணி நேரம். ஆனால் வெளியே மைனஸ் 15. போகிற சூட்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால் 15 மணி நேரத்துக்குக் குறையாது. வெள்ளி இரவு 9 மணிக்கு ஸ்விட்ச் போட்டால், சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் தரை வழிக்கு வரும். ஞாயிறு மாலை கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, அந்த 60 யூனிட்டும் ஆளில்லாத கேபினில் மெல்ல மெல்லக் கரைந்து போகும்.

“அப்போ வாரம் முழுக்க 10 டிகிரியில் வைத்துவிட்டு வந்தால் என்ன?” என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கவும் அது உதவும். செலவைப் பார்ப்போம். வெளியே சராசரி மைனஸ் 10 என்றால் வித்தியாசம் 20 டிகிரி, 1,500 வாட், நாளுக்கு 36 யூனிட். ஐந்து நாளுக்கு 180 யூனிட். குடும்பம் உள்ளே இருக்கும் இரண்டு நாட்களுக்கு, 20 டிகிரியில், ஆகும் செலவு 108 யூனிட். யாருமே இல்லாத வீட்டைச் சூடாக்க, ஆள் இருக்கும் நேரத்தைவிட அதிக மின்சாரம்! இயற்கை எரிவாயு லைன் போகாத ஏரிக்கரைச் சாலைகளில் கையில் இருப்பது மின்சாரம், புரொப்பேன், விறகு. முதல் இரண்டும் மலிவல்ல.

வைஃபை தெர்மோஸ்டாட் வைத்து வியாழன் இரவே ஆஃபீஸ் முடிந்து வீட்டிலிருந்தபடி ‘ஆன்’ செய்யலாம்தான். காட்டுக்குள் இணையம் ஒழுங்காகக் கிடைத்தால், பனிக்காற்றில் மின்சாரம் போகாமல் இருந்தால், வெள்ளி மாலை திடீரென்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பயணம் ரத்தாகாமல் இருந்தால்.

கான்கிரீட்டின் இந்தப் பிடிவாதம் வேறு விதத்திலும் படுத்தும். தெற்கு பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் இல்லாத ஏரிக்கரை கேபின் அபூர்வம். மதியம் நல்ல வெயில் அடித்தால் அறை தானாகவே 24, 25-க்குப் போகும். தெர்மோஸ்டாட் நிறுத்தினாலும் தரை காலையில் வாங்கிய சூட்டை மாலை வரை விட்டுக்கொண்டே இருக்கும். மைனஸ் 10 குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் காரணம் இதுதான்.

விறகடுப்பும் சேர்ந்தால் கூத்து இன்னும் பெரிது. இரவு பத்து மணிக்கு அடுப்பு நன்றாக எரிகிறது. அறை சூடாக இருப்பதைப் பார்த்துத் தெர்மோஸ்டாட் தரையை அணைத்துவிடும். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு அணையும். அப்போதுதான் தரை விழித்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும், அது ஆறிப்போய் ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். இதற்கு மருந்து உண்டு: காற்றின் வெப்பத்தைப் பார்க்காமல், தரைக்குள் பதித்த சென்சாரைப் பார்த்து இயங்கும் தெர்மோஸ்டாட் வைப்பது. சின்னச் செலவு. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே சென்சாருக்கான சிறு குழாயைப் பதித்து வைத்தால்தான் முடியும்.

அப்படியானால் ஃப்ளோர் ஹீட்டிங் வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. வொர்க் ஃப்ரம் ஹோம் வந்த பிறகு கேபினிலேயே குடியேறிவிட்டவர்கள் இருக்கிறார்கள். ரிட்டயர் ஆகி அங்கேயே இருக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தொடர்ந்து ஆள் இருக்கும் கேபினுக்கு, வெந்நீர்த் தரையைவிட இதமான ஏற்பாடு குறைவு. இங்கே 12 டன் கான்கிரீட்டின் அதே பிடிவாதம் வரமாகிவிடுகிறது.

1998 ஜனவரியில் கிழக்கு ஒண்டாரியோவிலும் கியூபெக்கிலும் பனிமழை பெய்து மின்கம்பங்கள் சாய்ந்து, லட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தன. சில இடங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. அந்த மாதிரி நேரத்தில் பம்ப் நிற்கும், வெந்நீர் ஓடாது. ஆனால் ஏற்கெனவே சூடாகி இருக்கும் தரை உடனே கைவிடாது. வெளியே மைனஸ் 15 என்றாலும், நம் கணக்குக் கேபினில் 12 மணி நேரம் கழித்தும் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குள் விறகடுப்பை மூட்டிவிடலாம். விறகடுப்பு இல்லாமல் தரையை மட்டுமே நம்பிக் குளிர்நாட்டுக் காட்டில் கேபின் கட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. அடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஒண்டாரியோவில் அது சட்டம். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத வாயு என்பதால் இதில் விளையாட்டு கூடாது.

கீழே போகும் சூடு

கட்டுவது என்று முடிவானால், கையை இறுக்கக் கூடாத இடம் கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கும் இன்சுலேஷன். தரை சூடாகும்போது அது மேலே மட்டும் சூட்டை அனுப்புவதில்லை, கீழே மண்ணுக்கும் அனுப்பும். அழுத்தம் தாங்கும் பாலிஸ்டைரீன் போர்டு குறைந்தது 5 சென்டிமீட்டர் வேண்டும். 10 போட்டால் நல்லது. நடுப்பகுதியைவிட ஓரம் முக்கியம். கான்கிரீட்டின் விளிம்பு வெளிக்குளிரைத் தொடும் இடத்தில்தான் சூடு அதிகம் ஓடிப்போகும். அங்கே செங்குத்தாக ஒரு போர்டு இல்லையென்றால், சுவரோரப் பனி மட்டும் உருகிக் காணாமல் போவதைக் குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதெல்லாம் காசுதான்.

வார இறுதி கேபின்காரர்கள் கவனிக்க வேண்டிய, அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்றும் இங்கே இருக்கிறது. அந்தப் பகுதிகளில் நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு உறையும். ஈரமண் உறைந்தால் உப்பும், மேலே இருப்பதைத் தூக்கும். ஆழமாக அஸ்திவாரம் தோண்டாமல், சுற்றிலும் இன்சுலேஷன் போர்டு பதித்து மேலோட்டமாகக் கான்கிரீட் தளம் போடும் முறை ஒன்று உண்டு. வீட்டிலிருந்து கீழே இறங்கும் சூடு மண்ணை உறையவிடாது என்ற நம்பிக்கையில் போடப்படுவது அது. அப்படிப் போட்ட தளத்தை ஜனவரி முழுக்க அணைத்துப் போட்டுவிட்டு வந்தால்? குளிர் அடியில் புகுந்து தளத்தைத் தூக்கலாம். தளம் விரிசல் விட்டால், உள்ளே இருக்கும் குழாய்க்கும் உத்தரவாதம் இல்லை. சூடேற்றாமல் விடப்படும் கட்டடத்துக்கு வேறு வடிவமைப்பு, கூடுதல் இன்சுலேஷன். ‘நாங்கள் குளிர்காலத்தில் பூட்டிவிட்டுப் போய்விடுவோம்’ என்பதை வரைபடம் போடுபவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

குழாயில் ஓடும் நீர் உறைவது அடுத்த பயம். இதற்கு நீரோடு புரொப்பிலீன் கிளைக்கால் கலப்பார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 30-க்கும் கீழே வரை உறையாது. கார் ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைக்காலை இதில் ஊற்றக் கூடாது. அது விஷம், எங்காவது கசிந்து குடிநீரில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கிளைக்கால் கலந்த நீர் வெறும் நீரைவிடக் குறைவாகச் சூட்டைச் சுமக்கும், பம்ப் கூடுதலாக உழைக்க வேண்டும், வருடங்கள் போகப் போக அமிலமாகி உலோகப் பாகங்களை அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். ‘ஒருதரம் போட்டால் போதும், மெயின்டனன்ஸே கிடையாது’ என்று யாராவது சொன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

தூண் மேல் நிற்கும் கேபின்

இதுவரை பேசியதெல்லாம் தரையில் கான்கிரீட் தளம் போட முடிந்தவர்களுக்கு. மஸ்கோக்கா, ஹாலிபர்ட்டன் நிலம் பாதிக்கு மேல் பழங்காலப் பாறை. தோண்டுவதற்குப் பதில் பாறைமேல் தூண் நிறுத்தி, அதன் மேல் மரச்சட்டம் போட்டுக் கட்டிய கேபின்களே அங்கு ஏராளம். தரைக்கு அடியில் காற்று ஓடும்.

இதற்கு மரப்பலகைக்கு அடியிலிருந்து, சட்டங்களுக்கு நடுவே, அலுமினியத் தகடுகளில் பெக்ஸ் குழாயைப் பொருத்தும் முறை இருக்கிறது. கான்கிரீட் இல்லாததால் சீக்கிரம் சூடாகும், வார இறுதிக்காரர்களுக்கு அந்த வகையில் தேவலை. ஆனால் சூடு மரத்தைத் தாண்டி வரவேண்டும் என்பதால் நீரின் வெப்பம் கூடுதலாக, 50 டிகிரி அல்லது அதற்கும் மேல் தேவைப்படலாம். குழாய்க்குக் கீழே கனமான இன்சுலேஷனும், காற்றும் எலியும் புகாதபடி அடைப்பும் வேண்டும். எலி சின்ன விஷயம் இல்லை. ஆளில்லாத கேபினில் குளிர்காலம் முழுக்கக் குடியிருப்பது அதுதான். இன்சுலேஷனைக் குதறும், பிளாஸ்டிக் குழாயையும் கடிக்கும்.

இத்தனை வேலையும் செய்து முடித்தால், அந்த இன்சுலேஷனாலேயே தரை முன்னைவிடக் குளிர்ச்சி குறைந்திருக்கும். பல கேபின்களில் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், குழாய் வாங்க வேண்டிய அவசியமே வராது.

அந்தக் குடும்பம் என்ன செய்திருக்கலாம்?

வார இறுதி மட்டும் போகிற குடும்பத்துக்குத் தேவை, சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும் ஏற்பாடு. மைனஸ் 25-லும் வேலை செய்யும் ‘கோல்டு கிளைமேட்’ ஹீட் பம்ப் இன்று தாராளமாகக் கிடைக்கிறது. பார்ப்பதற்கு நம் வீட்டு ஸ்பிலிட் ஏ.சி. மாதிரியே இருக்கும், வேலை மட்டும் தலைகீழ். அதோடு நல்ல விறகடுப்பு ஒன்று. கிளம்பும்போது தண்ணீர்க் குழாய்களை முழுக்க வடித்துவிட்டால், கேபினை உறையவிட்டே பூட்டலாம். வாரம் 180 யூனிட் மிச்சம். பூட்டிக் கிடக்கும் கேபினை எத்தனை நாளைக்கு ஒருமுறை ஆள் போய்ப் பார்க்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் நிறுவனங்கள் நிபந்தனை வைப்பதுண்டு, பாலிசியை ஒருதரம் எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

வெறுங்கால் ஆசை மட்டும் விட்டுப்போகவில்லையா? குளியலறையில் 4 சதுர மீட்டருக்கு மின்பாய் போட்டால் சுமார் 480 வாட். உறைய அதில் நீர் கிடையாது. மெல்லிய அடுக்கு என்பதால் அரை மணி, ஒரு மணியில் சூடு தெரியும். தேவைப்படும்போது போட்டு, வேண்டாதபோது அணைக்கலாம். ஆசைக்கு இது போதும். ஈரமான இடம் என்பதால் மின்கசிவு தடுப்பான் இல்லாமல் போடவே கூடாது, மின்வேலைக்கு முறையான ஆய்வும் வாங்க வேண்டும்.

இனிமேல்தான் கட்டப் போகிறீர்கள், எப்படியும் கான்கிரீட் தளம் போடத்தான் போகிறீர்கள், ஆனால் பத்து வருடம் கழித்து அங்கேயே குடியேறும் யோசனை இருக்கிறது என்றால் கதை வேறு. அடியில் போட வேண்டிய இன்சுலேஷனைப் பிறகு போட முடியாது. குழாயையும் பிறகு போட முடியாது. மொத்தச் செலவில் பெக்ஸ் குழாயின் பங்கு கொஞ்சம்தான். பாய்லர், பம்ப், வால்வு, கூலிதான் பெரிய தொகை. ஆகவே இப்போது இன்சுலேஷனையும் குழாயையும் மட்டும் போட்டுவிட்டு, மீதியைத் தள்ளிவைக்கலாம். 50 சதுர மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் 170 மீட்டர் குழாய் வரும். ஒரே சுற்றாகப் போட்டால் முதல் பாதி சூடு, கடைசிப் பாதி ஆறல். 90 மீட்டருக்கு மேல் ஒரு சுற்று போகாமல், இரண்டாகப் பிரிக்க வேண்டும். உலோகப் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்க, ஆக்ஸிஜன் புகாத உறை கொண்ட குழாயாகக் கேட்டு வாங்குங்கள். நடுவில் இணைப்பு எதுவும் கான்கிரீட்டுக்குள் வரக் கூடாது.

கான்கிரீட் லாரி வருவதற்கு முந்தின நாளே குழாயில் காற்றழுத்தம் ஏற்றி, அளவுமானியை மாட்டி வைக்க வேண்டும். ஊற்றும்போதும் அது மாட்டியே இருக்கட்டும். யாராவது மண்வெட்டியால் குழாயைக் குத்திவிட்டால் முள் உடனே இறங்கும், ஈரமாக இருக்கும்போதே தோண்டிச் சரிசெய்துவிடலாம். அதற்கு முன்னால், குழாய் எங்கெங்கே ஓடுகிறது என்று அளவு டேப்பை விரித்து வைத்துப் போனில் பத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்துக் குளியலறைக் கதவுக்கு ஸ்டாப்பர் பொருத்த வரும் ஆசாரி, டிரில்லை வைக்கும் முன் கேட்பது அந்தப் படத்தைத்தான்.